ஊசிக்குப் பயந்ததா காலனி?

பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைப் படிப்படியாகப் போடப்போவதாகத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அதற்காக 36 கோடி ரூபாயும் ஒதுக்கியது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வருகிறது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பரிசோதனைக்குப் போக முடியாமல், நோய் முற்றிய பிறகு பெரியாஸ்பத்திரி வாசலை மிதிக்கும் பெண்களுக்கு அது சாவாகவே முடிகிறது. எனவே இந்த ஊசி நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு மிகவும் அவசியம்.

ஆனால் ஊசி வருவதற்கு முன்பே வதந்தி வந்துவிடும். "இதைப் போட்டால் பிள்ளை பிறக்காது" என்று ஒரு குரல்பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றினால் போதும், முகாம் அன்று பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரமாட்டார்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது தமிழகம் முழுவதும் இப்படித்தான் நடந்தது. பெற்றோர்கள் பிள்ளைகளை அனுப்பாததால் முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியிருந்தது. 2021இல் கொரோனா தடுப்பூசி வந்தபோது இன்னும் பெரிய அளவில் நடந்தது. அப்போது காலனி மக்களைப் பார்த்து எல்லோரும் சொன்ன ஒரே வார்த்தை: "அறியாமை."

அந்த வார்த்தையை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. ஒரு மனிதர் முகக்கவசம் போடுவதா, காய்ச்சலை வெளியே சொல்வதா, ஊசி போட்டுக்கொள்வதா என்று முடிவெடுக்கும்போது அவருடைய மனதில் என்னென்ன ஓடுகிறது என்பதை ஆராயும் துறை ஒன்று இருக்கிறது. அதன் கண்ணால் பார்த்தால், காரிமங்கலம் வட்டாரக் காலனிகளில் அன்று நடந்தது வேறு கதையாகத் தெரிகிறது.

இலவசமாகக் கொடுத்தும் ஏன் வரவில்லை?

1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறைக்கு ஒரு குழப்பம். காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டியைத் தெருவுக்கே அனுப்பினார்கள். இலவசம். ஆனாலும் மக்கள் வரவில்லை. ஏன் என்று ஆராய்ந்த சமூக உளவியலாளர்கள் ஒரு விளக்கத்தைக் கண்டார்கள். எந்த மனிதரும் நான்கு கேள்விகளுக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்ட பிறகே உடல்நலம் பற்றி முடிவெடுக்கிறார். இந்த நோய் எனக்கு வருமா? வந்தால் எவ்வளவு மோசம்? இந்த மருந்தால் எனக்கு என்ன பயன்? இதைச் செய்வதில் எனக்கு என்ன இழப்பு? இவற்றோடு ஒரு தூண்டுதலும் வேண்டும். நம்பிக்கையான ஒருவர் வந்து, "வா, போகலாம்" என்று கூப்பிட வேண்டும்.

இந்த நான்கு கேள்விகளையும் நம் காலனியில் கேட்டுப் பார்ப்போம்.

முதல் கேள்வி: எனக்கு வருமா? 2020 ஏப்ரல் நடுப்பகுதி வரை தருமபுரி மாவட்டத்தில் ஒரு தொற்றுகூடப் பதிவாகவில்லை. "அது மெட்ராஸ் நோய், வெயிலில் வேலை செய்கிறவனுக்கு வராது" என்ற எண்ணம் இங்கே வேரூன்றியது அப்போதுதான். தனக்கு மட்டும் கெட்டது நடக்காது என்று நினைப்பது எல்லா மனிதருக்கும் உள்ள குணம். படித்தவர், படிக்காதவர் வேறுபாடு அதில் இல்லை. இரண்டாவது கேள்வியான "வந்தால் எவ்வளவு மோசம்?" என்பதற்கு 2021 மே மாதம் பதில் சொன்னது. மே 21 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. தெரிந்த ஒருவரின் சாவு செய்தியாக வந்தபோது, அதுவரை தயங்கியவர்கள் தாமாகவே ஊசி கேட்டு வந்தார்கள். அப்போது ஊசிதான் இல்லை. "இருப்பு இல்லை" என்ற அறிவிப்புதான் இருந்தது. சில வாரங்களில் மாறிவிட்ட மனதை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

நான்காவது கேள்வியைத்தான் அதிகாரிகள் யாரும் கேட்கவில்லை. "காச்ச வந்தா ரெண்டு நாளு கூலி போயிரும். யாரு குடுப்பா?" என்று நம் பெண்கள் கேட்டார்கள். 2021-22இல் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கான கூலி நாளுக்கு 273 ரூபாய். ஊசி போட்ட மறுநாள் உடம்பு வலியும் காய்ச்சலும் வருவது இயல்பு என்று மருத்துவர்களே சொன்னார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒருநாள் விடுப்பு. கூலிக்காரருக்கு அது இரண்டு நாள் உலை. ஊசி இலவசம்தான், ஆனால் அதற்கான விலையைக் கூலிக்காரர்தான் கொடுத்தார்.

காக்கை உட்கார்ந்ததும் பனம்பழம் விழுந்ததும்

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மக்களின் தயக்கத்தைப் போக்கவே அவர் அரசு மருத்துவமனைக்கு வந்தார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி இறந்தார். இதயத்துக்குச் செல்லும் முக்கிய ரத்தக்குழாயில் இருந்த அடைப்பே காரணம், தடுப்பூசி அல்ல என்று மருத்துவர்களும் சுகாதாரத் துறைச் செயலாளரும் உடனே விளக்கினார்கள். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் 2021 அக்டோபரில் அதையே உறுதி செய்தது. ஆனால் அதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது. எல்லோருக்கும் பிடித்த ஒரு மனிதரின் சாவு வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் ஓடியது. விளக்கத்தை யார் கேட்டார்கள்?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குப் புதிதல்ல. ஒன்றன் பின் ஒன்று நடந்தால், முன்னது பின்னதுக்குக் காரணம் என்று மனம் முடிச்சுப் போடும். ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாட்டில் தினமும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு மாரடைப்பு வருகிறது. லட்சக்கணக்கானவர்கள் ஊசி போட்டுக்கொள்ளும் நாளில், அவர்களில் சிலருக்கும் மறுநாள் மாரடைப்பு வரத்தான் செய்யும். ஊசி போட்டு நலமாக இருக்கும் லட்சம் பேர் செய்தி ஆவதில்லை. இறந்த ஒருவர் செய்தி ஆகிறார். எளிதில் நினைவுக்கு வருவதையே அடிக்கடி நடப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது என்று டுவெர்ஸ்கி, கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1973இலேயே எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. "போட்டுச் செத்தா நாமளே கொன்ன மாதிரி ஆயிரும். போடாம செத்தா விதி" என்ற பேச்சு. செய்து வரும் கேட்டைவிடச் செய்யாமல் வரும் கேட்டை மனம் எளிதாகத் தாங்கிக்கொள்ளும். பிள்ளைக்கு ஊசி போடத் தயங்கும் தாயின் மனதில் ஓடுவது இதுதான். பழி தன்மேல் வரும் என்ற பயம் அது. அந்தத் தாயை அதட்டினால் பயம் கூடத்தான் செய்யும். பக்கத்தில் உட்கார்ந்து, "நாளைக்குக் காய்ச்சல் வரும், மாத்திரை கொடு, நாளை மறுநாள் நானே வந்து பார்க்கிறேன்" என்று ஒரு கிராம செவிலியர் சொன்னால், பழி பங்கு போடப்படுகிறது. பயம் பாதியாகிறது.

அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது?

இதுவரை சொன்னவை எந்தத் தெருவுக்கும் பொருந்தும். காலனிக்கு மட்டும் பொருந்தும் காரணங்களும் உண்டு.

2006இல் வெளிவந்த 'ரூரல் இந்தியா' தீண்டாமை ஆய்வு 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்தப்பட்டது. பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுப்பதாக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களில் அது பதிவு செய்தது. சாதாரண நாளில் வாசலில் நின்று பேசிவிட்டுப் போகும் துறை, கொரோனா காலத்தில் மட்டும் வீடு தேடி வந்து "உன் நன்மைக்குத்தான்" என்றால், "திடீர்னு என்ன அக்கறை?" என்று கேட்கத் தோன்றாதா? நம்பிக்கை ஒருநாள் முகாமில் விளையும் பயிர் அல்ல.

அடுத்தது, அரசு பயன்படுத்திய மொழி. "சமூக இடைவெளி", "சமூக விலகல்" என்று சுவரெங்கும் எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாக "எட்டி நில்" என்று கேட்டே வளர்ந்தவர்களின் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்று யாரும் யோசிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் "உடல் இடைவெளி" என்ற பொருள் தரும் சொல்லுக்கு மாறிக்கொண்டது. உடல்கள் விலகட்டும், சமூகம் விலக வேண்டாம் என்பதே அதன் விளக்கம். நம்மூரில் பழைய சொல்லே கடைசிவரை நின்றது. தீண்டாமைக்கு அறிவியல் சான்றிதழ் கிடைத்துவிட்டதைப் போல அதைப் பயன்படுத்தியவர்களும் உண்டு.

மூன்றாவது, மறைத்தல். பெங்களூரிலும் ஓசூரிலும் கட்டட வேலை பார்த்த நம் பிள்ளைகள் ஊரடங்கில் திரும்பி வந்தபோது, அவர்களை நோயாகவே பார்த்தார்கள். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டின் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. 2020 ஏப்ரல் 19 அன்று கொரோனாவில் இறந்த நரம்பியல் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தன் கையால் குழி மூட வேண்டியிருந்தது. பெரிய மருத்துவருக்கே இந்த கதி. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழி மறிக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். மயானப் பாதைக்கே போராடும் மக்கள், "காய்ச்சல் இருக்கிறது" என்று வாய் திறப்பார்களா? நோயை மறைத்தவர்களைத் திட்டுவது எளிது. நோயைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

நான்காவது, "எங்கள வச்சி சோதன பண்றாங்களா?" என்ற கேள்வி. 2021 ஜனவரி 16 அன்று நாட்டிலேயே முதல் ஊசி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தூய்மைப் பணியாளர் ஒருவருக்குப் போடப்பட்டது. ஆபத்தின் அருகில் நிற்பவருக்கு முதலில் என்பது சரியான முடிவு. ஆனால் கோவாக்சினுக்கு மூன்றாம் கட்ட ஆய்வு முடிவு வரும் முன்பே, ஜனவரி 3 அன்று, "ஆய்வு நிலையில்" அனுமதி கொடுத்திருந்தார்கள். சாக்கடையில் எப்போதும் முதலில் இறக்கப்படுபவர், ஊசிக்கும் தன்னையே முதலில் கூப்பிடும்போது சந்தேகப்பட்டது பைத்தியக்காரத்தனம் அல்ல.

சந்தேகத்துக்கும் வரலாறு உண்டு

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊர். 1932 முதல் 1972 வரை, மேகநோய் கொண்ட 399 கறுப்பின ஆண்களை அரசு மருத்துவர்களே "கவனித்து" வந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்கவில்லை. நோய் எப்படி முற்றுகிறது என்று பார்க்க வேண்டுமாம். 1997இல்தான் அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார். கொரோனா தடுப்பூசி வந்தபோது கறுப்பின மக்கள் முதலில் தயங்கினார்கள். அங்கே தேவாலயங்களும் முடிதிருத்தும் கடைகளும் கறுப்பின மருத்துவர்களும் இறங்கிப் பேசினார்கள். அந்த இடைவெளி பெருமளவு குறைந்தது.

நம் நாட்டிலும் உண்டு. 1976-77 நெருக்கடிநிலைக் காலத்தில் ஓராண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. வட மாநிலங்களில் ஏழைகளைப் பிடித்துச் சென்று செய்தார்கள். "ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது" என்ற வதந்தி திரும்பத் திரும்ப முளைப்பதற்கு அந்த நினைவும் ஒரு வேர்.

எச்.பி.வி. ஊசிக்கே ஒரு கதை இருக்கிறது. 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் திட்டத்தில் இந்த ஊசி போடப்பட்டது. பலர் பழங்குடிச் சிறுமிகள். ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது போன்ற வேறு காரணங்களே என்றும், இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றும் விசாரணைக் குழு சொன்னது. ஆனால் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே சம்மதக் கையெழுத்துப் போட்டதை 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. இதிலிருந்து இரண்டு பாடங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஊசி நல்லது, அதைப் போட்ட முறை கெட்டது. முறை கெட்டால் நல்ல ஊசியும் கெட்ட பெயர் எடுக்கும்.

வதந்திக்கு நாம் கொடுத்த விலை

இவ்வளவும் சொன்னதால் வதந்தியை நியாயப்படுத்துவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். "ஊசி போட்டவங்க ரெண்டு வருசத்துல செத்துருவாங்களாம்" என்று 2021 மே மாதம் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஒருவர் பெயரில் ஒரு செய்தி சுற்றியது. அது போலி என்று மத்திய அரசின் செய்தித் தகவல் பிரிவு அறிவித்தது. இரண்டு வருடம் கடந்து இன்னும் பல வருடங்கள் ஓடிவிட்டன. போட்டவர்கள் செவ்வாய்ச் சந்தையில் ஆடு விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பொய்யை நம்பி ஊசி போடாமல் இருந்தவர்களில் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ள பெரியவர்கள்தான் அதிக ஆபத்தில் இருந்தார்கள். வதந்தியைப் பரப்பியவர் யாரும் அவர்கள் வீட்டுக்கு வந்து இழப்பீடு கொடுக்கவில்லை. சந்தேகப்படுவது நம் உரிமை. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் விடுவது நமக்கே கேடு.

அதே நேரத்தில், கட்டாயமும் வழியல்ல. 2021 செப்டம்பரில் நீலகிரியில் தடுப்பூசிச் சான்று இருந்தால்தான் டாஸ்மாக்கில் மது என்றார்கள். வேறு மாவட்டங்களில் பொது இடங்களுக்கும் தடை வந்தது. 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது, உடல்மீதான உரிமை அரசமைப்பின் 21ஆவது பிரிவில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் சேர்த்தே சொன்னது.

அதே நீலகிரிதான் நல்ல எடுத்துக்காட்டும் கொடுத்தது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினரில் 18 வயது நிரம்பிய அனைவருக்கும் 2021 ஜூன் இறுதிக்குள் முதல் தவணை போடப்பட்டது. முதலில் ஊசிக்காரர்களைப் பார்த்துக் காட்டுக்குள் ஓடியவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் மொழியிலேயே பேசும் பழங்குடிச் சுகாதாரப் பணியாளர்களும் ஆண்டுக்கணக்காக அங்கே வேலை செய்த தொண்டு அமைப்புகளும் போய்ப் பேசிய பிறகு நிலைமை மாறியது. மிரட்டல் மலையடிவாரத்தோடு நின்றது. பழகிய முகம் மலை ஏறியது.

இனி செய்ய வேண்டியவை

2025 மே 20 அன்று ஜெனீவாவில் உலக நாடுகள் பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டன. மக்கள் சுகாதார நடவடிக்கைகளைப் பின்பற்றத் தடையாக இருப்பது எது, நம்பிக்கையை வளர்ப்பது எது என்று ஆராய வேண்டும் என அதிலும் எழுதியிருக்கிறார்கள். ஜெனீவாவில் எழுதியது காரிமங்கலத்துக்கு வர வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்ட மக்களில் சுமார் 16 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அவர்களை விட்டுவிட்டு எந்த முகாமும் வெற்றி பெறாது.

முதலாவது, யார் பேசுகிறார் என்பது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. வீடு வீடாக மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர்களில் காலனிப் பெண்கள் எத்தனை பேர் என்று ஊராட்சிக்கு ஊராட்சி கணக்கெடுத்து வெளியிட வேண்டும். அரசின் சேதியைத் தண்டோரா போட நம் ஆட்களையே கூப்பிட்டுவந்த வழக்கத்தை 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு நிறுத்தச் சொன்னார். பறையைச் சுமக்க மட்டும் தேவைப்பட்டவர்கள், இனிச் சேதியைச் சொல்பவர்களாகவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, எங்கே நடக்கிறது என்பது. ஊர்த் தெருவில் கோயில் மண்டபத்தில் முகாம் போட்டுவிட்டு, "காலனிக்காரர்கள் வரவில்லை" என்று எழுதக் கூடாது. காலனி அங்கன்வாடியிலும் ஒருநாள் நடக்க வேண்டும். மாலை வேலை முடிந்து வருபவர்களுக்காக இரவு எட்டு மணி வரை இருக்க வேண்டும். கோவின் இணையப் பதிவு வந்தபோது கையில் திறன்பேசி இல்லாதவர் என்ன செய்வார் என்று 2021 மே 31 அன்று உச்ச நீதிமன்றமே கேட்டது. அடுத்த திட்டத்திலும் அந்தக் கேள்வி எழும்படி விடக் கூடாது.

மூன்றாவது, கூலி. ஊசிக்கு மறுநாள் வரும் காய்ச்சலுக்கு நூறு நாள் வேலைத் தொழிலாளர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் கூலியோடு ஓய்வு தர வேண்டும்.

நான்காவது, சம்மதம். பெண் பிள்ளைக்கு ஊசி என்றால் அவளுடைய தாய்க்கும் தந்தைக்கும் எளிய தமிழில் எழுதிய தாளைப் படித்துக் காட்டி, கேள்வி கேட்க விட்டு, அதன் பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் காப்பாளர் கையெழுத்துப் போடும் பேச்சே கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால், யார் சொன்னது, எப்போது சொன்னது, வேறு எங்கே வந்திருக்கிறது என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் வீட்டில் ஆயாவுக்கும் அம்மாவுக்கும் நீங்கள்தான் முதல் படித்த ஆள். "உனக்கு என்ன தெரியும்?" என்று அவர்களிடம் பேச்சைத் தொடங்காதீர்கள், "எதுக்குப் பயப்படுற, சொல்லு" என்று தொடங்குங்கள்.

1897இல் புணே பகுதியில் பிளேக் நோய் பரவியபோது, சாவித்திரிபாய் புலே நோயாளிகளைத் தேடிப் போய்த் தூக்கி வந்து மருத்துவமனையில் சேர்த்தார். தொட்டுத் தூக்கியதால் தானும் நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். அவரைப் போல உயிரைக் கொடுக்க வேண்டும் என்று இன்றைய சுகாதாரத் துறையிடம் யாரும் கேட்கவில்லை. வாசலில் நிற்காமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசுங்கள், கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடியுங்கள் என்றுதான் கேட்கிறோம். எச்.பி.வி. ஊசிக்காகக் காலனிதோறும் ஒரு கூட்டம் நடத்த மாவட்ட நிர்வாகம் இப்போதே தேதி குறிக்கட்டும்.